தீ எரிவதாக வைத்துக்கொள்ளவும்

நெருப்பைக் கண்டுபிடித்த அன்றே மனித குலம் ஒரு பெரிய தவறு செய்தது. உரிமம் வாங்காமல் பற்ற வைத்துவிட்டது. அந்தத் தவறைத் திருத்தவே 'வாணவேடிக்கை மற்றும் மேடைத் தீ வல்லுநர் உரிம வாரியம்' தோன்றியது. அதன் செயலராக இருக்கும் பாக்கியம் அடியேனுக்கு.

எங்கள் தலைவர் முன்பு குடிநீர்த் துறையில் இருந்தவர். தண்ணீரையே கட்டி மேய்த்தவருக்கு நெருப்பு எம்மாத்திரம்? பதவியேற்ற வாரமே அவர் ஒரு பெரும் சிக்கலைத் தீர்த்தார். செய்முறைத் தேர்வு இல்லாமல் உரிமம் தரக்கூடாது என்பது சட்டம். எங்கள் கட்டடத்தில் தீக்குச்சிகூட உரசக்கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. தலைவர் கண்ணை மூடி யோசித்தார். தூங்கிவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். திடீரென்று, "நடிச்சுக் காட்டினா போதுமே!" என்றார். அன்றிலிருந்து எங்கள் தேர்வறையில் தீயும் எரிந்தது, கம்பளமும் பிழைத்தது.

நான் சொல்லப்போகும் நாளில் இரண்டு பேர் தேர்வுக்கு வந்திருந்தார்கள். முதலில் ஓர் அம்மாள். நாடகக் கொட்டகையில் கோட்டை எரியும் காட்சிக்குக் குழாய், வால்வு, பட்டன் எல்லாம் பொருத்தியவர். அங்கே அவருக்கு 'நெருப்பக்கா' என்று பெயராம். வாயைத் திறந்தால் அந்தப் பெயரின் காரணம் விளங்கும்.

"பத்த வைங்கம்மா," என்றார் தலைவர்.

"எதை சார்?"

"கேஸ் குழாய் இருக்குதுன்னு வெச்சுக்குங்க."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"அதையும் ஏதாவது ஒரு பக்கம்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்கிட்டா எரியுமா சார்?"

"எரியுதுன்னும் வெச்சுக்குங்கம்மா. சத்தம் மட்டும் போடுங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். 'கற்பனை வளம் போதாது' என்று எழுதித் தோல்வி போட்டோம். கலைஞர்களிடம் நாங்கள் கற்பனையை எதிர்பார்ப்பது தவறா?

அடுத்து வந்தவன் என் மனைவியின் தம்பி. உறவு என்பதற்காக நான் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடவில்லை. அவசியமே வரவில்லை. வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க அக்காளைக் கூப்பிடுகிறவன், குக்கர் விசில் அடித்தால் பால்கனிக்கு ஓடுகிறவன். நெருப்புக்கு இவ்வளவு மரியாதை தருகிற இன்னொருவனை நான் பார்த்ததில்லை. அவன் கட்டைவிரலால் காற்றை அழுத்தி, "டமால்! புஸ்ஸ்ஸ்!" என்றபோது தலைவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு இல்லாத தீயணைப்பு சிலிண்டரின் ஊக்கைப் பிடுங்கி, "ஷ்ஷ்ஷ்ஷ்" என்று அடித்தான் பாருங்கள், தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முழு மதிப்பெண். உரிமம் அங்கேயே கையில்.

நெருப்பக்கா என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினார்.

"சார், இன்னிக்கு சாயங்காலம் நாடகம். அந்தக் கோட்டைக்குள்ள ராஜாவா நிக்கப்போறது என் வீட்டுக்காரர். லைசென்ஸ் இல்லாதவ பட்டனைத் தொடக்கூடாதுன்னு கொட்டகைக்காரர் சொல்லிட்டாரு."

"கவலையே படாதீங்கம்மா. லைசென்ஸ் உள்ள ஆளையே அனுப்பி வைக்கிறோம்."

"யாரு, இப்ப வாயால வெடிச்சானே, அவனா? கட்டின பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் புருஷனைக் கொளுத்துறதா இருந்தா நான்தான் சார் கொளுத்தணும்!"

வேறு வழியில்லாமல் அவரே என் மைத்துனனுக்குப் பாடம் எடுத்தார். "தம்பி, அவரு பேசி முடிச்சு, ரெண்டு கையையும் தூக்கிட்டுப் பின்னால போவாரு. அப்புறம்தான் அழுத்தணும். முன்னாடியே அழுத்திடாதே, நல்லா இருப்பே."

"கவலைப்படாதீங்கக்கா," என்றான் அவன். "நான் முழு மார்க்கு."

மாலையில் வாரியமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. நெருப்பக்கா எங்களுக்குப் பின்வரிசையில், சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். ராஜா கோட்டை வாசலில் நின்று, "எதிரிகளே!" என்று முழங்கி ஒரு கையைத் தூக்கினார். வசனம் இன்னும் ஒரு முழம் பாக்கி. என் மைத்துனன் அழுத்திவிட்டான்.

தீ நிஜமாகவே வந்தது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை. பாவம், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கோட்டையைத் தாண்டிப் பக்கத்துத் திரையையும் அது பற்றிக்கொண்டது. ஆனால் அவன் கலங்கவில்லை. முழங்கையில் இடித்துக்கொண்டிருந்த நிஜத் தீயணைப்பு சிலிண்டரை, அந்தச் சிவப்பு சிலிண்டரை, ஓரமாக நகர்த்தி வைத்தான். கை வீச இடம் வேண்டுமே! பிறகு தேர்வில் செய்தது போலவே இல்லாத ஊக்கைப் பிடுங்கி, குறி பார்த்து, "ஷ்ஷ்ஷ்ஷ்" என்றான்.

தீ அடங்கவில்லை. நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த தலைவர் எழுந்து நின்று தாமும் "ஷ்ஷ்ஷ்ஷ்" என்றார். தலைவர் நிற்கும்போது நாங்கள் உட்கார்ந்திருக்கலாமா? வாரியமே எழுந்து அணைத்தது. கூட்டம் தன்னைத்தான் நாங்கள் அதட்டுகிறோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டது. அந்தப் பேரமைதியில் ராஜா, "யோவ்! நெசமாவே எரியுதுய்யா!" என்று அலறினார். அரங்கம் அதிரக் கைதட்டல்.

நெருப்பக்கா எங்கள் தலைக்கு மேலாகத் தாவித்தான் மேடைக்குப் போனார் என்று நினைக்கிறேன். வால்வை மூடினார். சிவப்பு சிலிண்டரைத் தூக்கித் திரையையும் கணவனையும் சேர்த்து அடித்தார். சிலிண்டர் தூள் படிந்து எல்லாம் வெள்ளையானபோது ராஜா மீசையையும் புருவத்தையும் இழந்திருந்தார். மீசை ஒட்டு மீசை. புருவம் சொந்தம்.

"எங்கயாவது சுட்டுச்சா? சொல்லுய்யா, வாயைத் திறந்து சொல்லு!" நெருப்பக்கா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அழுகையும் வந்துவிட்டது.

"கைதட்டுனாங்கல்ல?" என்றார் கணவர்.

வாரியம் உடனே கூடி விசாரித்தது. என் மைத்துனன் கற்றதை அணுவளவும் பிசகாமல் செய்ததால் அவனைத் தேர்வாளராக உயர்த்தினோம். உரிமமின்றித் தீயை அணைத்த குற்றத்துக்காக நெருப்பக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பினோம். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"எரியறதை அணைச்சது குத்தமா சார்?"

"அணைச்சது குத்தமில்லம்மா. நாங்க அணைச்சுக்கிட்டு இருக்கும்போது குறுக்க வந்தீங்களே, அதுதான்."

"என் புருஷன் செத்திருந்தா?"

"உரிய நடைமுறைப்படி செத்திருப்பாரும்மா."

அவர் நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். "இப்படியெல்லாம் தேர்வு நடத்துறீங்களே, இந்த ஆபீஸ் இன்னும் எரியாம எப்படி சார் இருக்கு?" என்றார்.

நல்ல கேள்வி. எழுந்து நின்று பதில் சொன்னேன். இந்தக் கட்டடத்தில் இதுவரை ஒரு பொறிகூடப் பறந்ததில்லை. தீ விபத்தெல்லாம் வெளியேதான் நடக்கிறது. எங்களிடம் உரிமம் வாங்கியவர்கள் அங்கேதானே வேலை பார்க்கிறார்கள்.