மேற்கோள் குறிக்குள் ஒரு ஞானக்கண்

அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. காரணம், மாடியில் ஒருவருக்குக் கண் திறந்திருந்தது. எல்லாருக்கும் இருக்கிற இரண்டு கண் இல்லை, அதற்கு மேலே ஒன்று. ஞானக்கண்ணார் என்று பேர். எதிரே உட்கார்ந்தவர் எப்போதோ விற்ற பைக்கின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடுவார். கூட்டம் வாயைப் பிளக்கும். விற்றவனுக்கே தெரிந்த விஷயத்தை அவனிடமே சொல்வதில் அவனுக்கு என்ன லாபம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. வருவதற்கு ஒரு வாரம் முன்பே முழுப்பெயரையும் போன் நம்பரையும் சொல்லிவிட வேண்டும். ஞானம் வந்து இறங்க அவ்வளவு நாள் பிடிக்குமாம். பார்சல்கூடச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அக்காவும் போய்வந்தாள். அவளுக்குக் கழுத்தில் கட்டி. கெட்ட கட்டி, தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார். ஞானக்கண்ணாரோ, "கத்தி படக்கூடாது, தானா கரையும்" என்றுவிட்டார். அக்கா ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு வந்து நின்றாள். தங்கை அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் சொன்னா உடனே நம்பிடுவியா?"

"நம்பாம? நான் வாயே திறக்கலடி. நம்ம நாய் காணாமப் போனதைச் சொன்னாரு. அதுக்கு வலது காது மடங்கியிருக்கும்னு வேற சொன்னாரு."

"நம்ம நாய்க்கு மடங்கியிருந்தது இடது காது."

"இதெல்லாம் ஒரு விஷயமா?"

தங்கைக்கு அதுதான் விஷயம். வேலை கேட்டு வருபவர்கள் அளக்கும் கதையெல்லாம் உண்மையா என்று இணையத்தில் துழாவிப் பார்ப்பது அவள் பிழைப்பு. அக்காவின் பெயரைத் தேடினாள். அதே பெயரில் இருந்த ஒரு நடிகை வந்து குவிந்தாள். 'சினிமா' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டதும் நடிகை ஒழிந்தாள். பிறகு அக்காவின் நம்பரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டாள். அந்த எண் அப்படியே இருக்கிற பக்கம் மட்டும்தான் வரும். வந்தது ஒன்றே ஒன்று. அக்காவே எப்போதோ போட்ட அறிவிப்பு: நாயைக் காணோம், வலது காது மடங்கியிருக்கும். பதற்றத்தில் காதை மாற்றி எழுதியிருந்தாள். ஞானக்கண்ணும் அதே தப்பைத்தான் பார்த்திருக்கிறது. அதை அக்காவிடம் காட்டினாள்.

"அவர் கம்ப்யூட்டரே தொடமாட்டாராம்டி," என்றாள் அக்கா. "பொய் சொல்றவங்களையே பாத்துப் பாத்து உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்."

தங்கை வாதாடவில்லை. தோட்டப் பிரியர்கள் கூடிப் பேசும் தளம் ஒன்றில், தன் பெயரும் நம்பரும் போட்டு ரோஜாச் செடி கேட்டாள். 'என்னோடு இரட்டையாய்ப் பிறந்த தம்பி கடலில் போனபின் செடிகள்தான் துணை' என்று ரெண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டாள். அது தேடுபொறியில் வந்து விழும்வரை பொறுத்திருந்து மாடிக்கு முன்பதிவு செய்தாள். அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஞானக்கண்ணார் கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணி தெரியுது. பெரிய தண்ணி. கூடப் பொறந்தவன் ஒருத்தன்... ஒரே வயித்துல, ஒரே நாள்ல வந்தவன். கையை நீட்டிக் கூப்பிடறாம்மா."

பின்வரிசையில் ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினார். பேசியது அக்கா.

"எங்கம்மா பெத்தது எங்க ரெண்டு பேரைத்தான்."

"போன ஜென்மத்துத் தம்பி," என்றார் அவர், அசராமல்.

கூட்டம் தலையாட்டியது. ஆமாம் ஐயா, தலையாட்டியது.

"போன ஜென்மத்துத் தம்பியை நான் போன மாசந்தான் எழுதிக் கொன்னேன்," என்று தங்கை அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். "நீங்களும் உங்க நம்பரை ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தேடிப் பாருங்க."

கட்டைவிரல்கள் நகர்ந்தன. பைக் விற்றவருக்குத் தன் பழைய விளம்பரம் நிறத்தோடு கிடைத்தது. மூக்கைச் சிந்தியவருக்குத் தான் வாஷிங்மெஷினைத் திட்டி எழுதிய புகார் கிடைத்தது. யாரோ உள்ளறைக் கதவைத் தள்ளினார்கள். ஞானம் இறங்கும் இடத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. அதில் அடுத்து வரவேண்டியவரின் நம்பர், மேற்கோள் குறிக்குள். திரும்பிப் பார்த்தால் ஞானக்கண்ணாரைக் காணோம். பின்படிக்கட்டு அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வாசலில் அக்கா மருத்துவமனையோடு பேசினாள். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், கட்டி பரவியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தேதி என்றார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் தங்கையிடம் ஓடிவந்தார். "அம்மா, அந்தக் குறியெல்லாம் போட்டு என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு பாத்துச் சொல்லுங்களேன்."

அக்கா அவரைத் தன் பக்கம் திருப்பினாள். கழுத்தைச் சுற்றியிருந்த துணியை விலக்கிக் கட்டியைக் காட்டினாள்.

"உங்க பொண்ணைக் கேளுங்க. கேக்கவேண்டிய ஆளை விட்டுட்டு இந்த மாடில வந்து கேட்டவ கழுத்து இது. நல்லாப் பாத்துக்குங்க."

அவர் பார்த்தார். பிறகு, பக்கத்துத் தெருவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று போனில் தேட ஆரம்பித்தார். போனைத் திறக்க எல்லாருக்கும் தெரிகிறது. மண்டையைத் திறக்கத்தான் இன்னமும் ஆள் தேடுகிறார்கள்.