மூணு தடவை நான் வரதனாகப் போனது

மாமல்லபுரம்,
14-3-74, வியாழக்கிழமை.

திருப்போரூர் முருகன் துணை.

மகா கனம் பொருந்திய மச்சான் வரதன் அவர்களுக்கு, தங்கள் சம்சாரம் ராஜத்தின் கூடப்பிறந்த அண்ணன், வாடகை சைக்கிள் கடை சடையப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஏழு சைக்கிளும் ஒரு காற்றடிக்கிற பம்பும் சௌக்கியம். தாங்களும் தங்கை ராஜமும் மருமகள் பச்சையம்மாளும் சௌக்கியமா என்று கேட்கலாம் என்றால், தாங்கள்தான் ஆடி மாசத்திலிருந்து என்னோடு பேசுவதில்லையே. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றின அன்றைக்குத் தாங்கள் உப்பளத்திலிருந்து நேராக வந்து நின்றபோது, "கூழுக்குத் தொட்டுக்கக் கருவாடு இல்லையேன்னு பார்த்தேன், நம்ம மாப்ளே உப்போட வந்துட்டாரு" என்று நாலு பேர் சிரிக்கிற மாதிரி நான் சொன்னேனே, அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னிக்கணும். இதுக்கு மேல தாங்கள் போட்டு எழுத மூணாங்கிளாஸ் படிப்பு பத்தாது மச்சான். நீன்னே எழுதறேன்.

விஷயம் பெருசு. வர்ற திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நீ பச்சை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரைப் பார்க்கணும். போகலைன்னா பச்சைக்கு டி.சி. குடுத்துடுவாங்க. ஒம்பதாவதோட சரி, அப்புறம் அதுவும் உன்கூட உப்பு வாரத்தான் வரும். ஏன்னு கேப்ப. உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல மூணு தடவை கலாட்டா பண்ணியிருக்குது. மூணு தடவையும் அப்பாவைக் கூட்டிகினு வான்னாங்க. மூணு தடவையும் அப்பா போனாரு. அந்த அப்பா நான்தான். கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடாத, மீதியையும் படி.

முதல் தடவை, கூழ் ஊத்தின மறு வாரம். பச்சை பையும் கையுமா பஸ்ஸு ஏறி என் கடைக்கு வந்து நிக்குது. இன்னாடி கண்ணுன்னா, கூடப் படிக்கிற மோசஸ்னு ஒரு பையன், "உங்கப்பன் காலு வெடிச்ச சுவரு மாதிரி கீது, பல்லி முட்டை போட்டிருக்குமே"ன்னானாம், இது ஜாமெட்ரி பாக்ஸால அவன் மண்டையில போட்டுடுச்சாம். "வூட்டுக்குக் கார்டு போட்டிருக்காங்க மாமா, நைனாவுக்குத் தெரிஞ்சா பெல்ட்டைக் கழட்டும், நீயே நைனான்னு வந்துடேன்"னுச்சு. எனக்கு நாடகத்துல ராஜா வேஷம் குடுத்த மாதிரி இருந்துச்சு மச்சான். கிழிஞ்ச சட்டையைத் தேடி எடுத்தேன், தலையைக் கலைச்சுகினேன், உப்பளத்து ஆளுன்னு தெரியணுமேன்னு சுண்ணாம்பைக் கரைச்சு கணுக்கால் வரைக்கும் பூசிகினேன். பச்சையே விழுந்து விழுந்து சிரிச்சுது. ஹெட்மாஸ்டர் கோபாலகிருஷ்ணன் நல்ல மனுஷன், எதிர்ல உக்காரச் சொன்னாரு, என் காலைப் பார்த்தாரு, பெருமூச்சு விட்டாரு, "புத்தி சொல்லிக் கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. அவ்வளவுதான். வெளிய வந்து ரெண்டு பேரும் பன் தின்னுகினே சிரிச்சோம். மறுநாள் பச்சை வந்து, "கார்டு நைனா கையில சிக்கலை மாமா, நேத்து அது ஒண்ணும் கேக்கலை, சோறு கூடத் துன்னாம சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு"ன்னு சொல்லிச்சு. தப்பிச்சோம்டான்னு மறுபடி சிரிச்சோம்.

ரெண்டாவது, தீபாவளி கழிச்சு. யாரோ ஒரு பொண்ணோட கணக்கு நோட்டைக் கிழிச்சுக் கிணத்துல போட்டுச்சு. இந்தத் தடவை போஸ்ட்மேனை வழியிலேயே மடக்கிக் கார்டை வாங்கிடுச்சாம். நான் மறுபடி சுண்ணாம்பு பூசினேன். இதை எழுத எனக்கே வெக்கமா கீது, ஆனா எழுதிடறேன்: அந்தப் புள்ளைகிட்ட ஏன் கிழிச்சன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலை. "ஒரு நோட்டுதானா, பையோட போட்டிருக்கக் கூடாதா"ன்னு கேட்டேன். அது சிரிச்சுது. நானும் பெரிய ஜோக்கு சொல்லிட்டதா நினைச்சுகினேன்.

மூணாவதுதான் மச்சான் என் சிரிப்பை நிறுத்திச்சு. போன வாரம். கேளம்பாக்கத்துல மளிகைக்கடை வெச்சிருக்காரே அப்துல் சுபஹான் பாய், அவரு பொண்ணு ஃபக்ருன்னிசாவைப் பிடிச்சுத் தள்ளி, அது தண்ணித் தொட்டியில மோதி முன்பல்லு பாதி உடைஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு யாருன்ற? ஆறாவதுலேர்ந்து பச்சை பக்கத்துலயே உக்கார்ற பொண்ணு, ரெண்டும் ஒரே டப்பாவுல சோறு துன்றதுங்க. அது பண்ணின தப்பு இன்னான்னா, பச்சை முழங்கையில பெல்ட்டுத் தழும்பைப் பார்த்துட்டு, "ஐயோ, வலிக்குதாடி"ன்னு தொட்டுப் பார்த்துச்சாம். அவ்வளவுதான். பாய் எதிர்லயே உக்காந்திருந்தாரு. பல்லுக்கு பதில் சொல்லுன்னு சட்டையைப் பிடிப்பாருன்னு பார்த்தா, "எம்பொண்ணு வூட்டுல ரெண்டு நாளா அழுவுது, பல்லுக்கு இல்ல, பச்சை பக்கத்துல உக்கார வெக்க மாட்டாங்களோன்னு"ன்றாரு. எனக்கு எங்க மூஞ்சியை வெச்சுக்கறதுன்னு தெரியலை.

அப்பதான் ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து, சத்தம் போடாம, "வரதன், இந்தப் பொண்ணை வீட்ல யார் அடிக்கிறாங்க?"ன்னு கேட்டாரு. நான் இன்னா சொல்ல? நீ இல்ல, உன் வேஷத்துல நான் கீறேன். பச்சை என்னையே பார்த்துகினு நிக்குது. "நான்தான் சார் அடிக்கிறேன்"னு சொன்னேன். உன் வாயால நான் சொன்னேன் மச்சான். அவரு, "ஏன்?"னாரு. நான் பச்சை கையைப் பிடிச்சுகினு வெளிய வந்துட்டேன். பஸ்ஸுக்கு நிக்கும்போது பச்சை கேட்டுச்சு: "மாமா, நீ சொன்னியே, அதை நைனா சொல்லுமா?" அன்னிக்கு பன்னு வாங்கிக் குடுத்தேன், வேணாம்னுடுச்சு.

நேத்து வேஷம் கலைஞ்சுடுச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து எட்டாவது புள்ளைங்களை எக்ஸ்கர்ஷன்னு மாமல்லபுரத்துக்குக் கூட்டிகினு வந்துட்டாங்க. வெள்ளைக்காரன் ஒருத்தன் குடுத்துட்டுப் போன தொப்பியை மாட்டிகினு, கூலிங் கிளாஸும் போட்டுகினு, நான் கடை வாசல்ல பஞ்சர் ஒட்டிகினு கீறேன். "என்ன வரதன், உப்பளம் இங்கே வந்துடுச்சா?"ன்னு தலைக்கு மேல ஒரு குரல். எழுந்து, "இன்னிக்கு லீவு சார்"னு சொல்றேன், பக்கத்துல சோழி மாலை விக்கற எல்லம்மாள் அங்கேர்ந்து கத்துது: "சடையப்பண்ணே, கட்டிங்பிளையரை எங்க போட்டன்னு தேடினியே, தோ கீது பாரு!" ஹெட்மாஸ்டர் கடை போர்டுல எழுதியிருந்த பேரைப் படிச்சாரு. என் காலைப் பார்த்தாரு. கால் சுத்தமா கீது. கத்துவாருன்னு நினைச்சேன். "நிஜ அப்பா திங்கக்கிழமை வரணும். இல்லாட்டி டி.சி. எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல"ன்னு சொல்லிட்டுப் புள்ளைங்க பின்னாடி போயிட்டாரு.

இப்ப நான் கொஞ்சம் கோவமா எழுதறேன், பொறுத்துக்கோ. உப்பளத்து மேஸ்திரி உன்னை அடா புடான்னு பேசறதை நானே கண்ணால பார்த்திருக்கேன். நீ வாயே தொறக்கலை. அதெல்லாம் வூட்டுக்கு வந்து பெல்ட்டுல இறங்குது. அந்தப் புள்ள அதை எடுத்துகினு போய் ஃபக்ருன்னிசா மேல இறக்குது. நடுவுல நான் ஒருத்தன் பன்னு வாங்கிக் குடுத்துச் சிரிச்சுகினு இருந்தேன். மோசஸ் உன் காலைச் சொன்னான்னு மண்டையை உடைச்ச புள்ள, அதுக்கு முன்ன வாரம் நான் உன்னைக் கருவாடுன்னு சொன்னப்போ பக்கத்துலதான் நின்னுச்சு. மாமன் மண்டையில போட முடியலை, மோசஸ் மண்டையில போட்டுச்சு. இதை நான் நேத்துதான் யோசிச்சேன். என் தப்பு எனக்கு. ஆனா நீ? ஒம்பது வருசமா அந்தப் பொண்ணு படிக்குது, ஒரு நாளாச்சும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிச்சிருப்பியா? அது பாஸா ஃபெயிலான்னு கேட்டிருப்பியா? இந்த ஒரு தடவை வா. வந்து ஏன்னு அவரு கேட்டதுக்கு நீயே பதில் சொல்லு. தெரியலைன்னாச்சும் சொல்லு.

ராஜத்தை நான் கேட்டதாகச் சொல்லவும். பச்சைக்கு என் ஆசீர்வாதம், அது ஃபக்ருன்னிசாவோடு ஒரே டப்பாவில் சாப்பிட முருகன் அருள் செய்யவும். தங்கள் பேச்சு கிடைக்காமல் எட்டு மாசமாய்க் காய்ந்து கிடக்கும்,

சடையப்பன்.

பின்குறிப்பு: மச்சான், கவரை ஒட்டறதுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பியூன் ஏசுபாதம் வந்தான், நேத்து மறந்துட்டுப் போன தண்ணி டிரம்மை எடுத்துகினு போக. என்னைப் பார்த்துட்டு, "அடப்பாவி, நீ அப்பன் இல்லையா, அப்ப அன்னிக்கு வந்தவருதான் அப்பனா?"ன்னான். மேல எழுதினதுல பாதியை அடிச்சுடு. எந்தப் பாதின்னு உனக்கே தெரியும். அந்த முதல் கார்டு உன் கைக்குத்தான் வந்திருக்குது. தலை வாரிகினு, வெள்ளைச் சட்டை போட்டுகினு, செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுகினு நீ வந்தியாம். "பச்சையம்மா விஷயமா வந்தேன்"னியாம். "அவங்க அப்பா உள்ளதான் கீறாரு, நீ யாரு?"ன்னு இவன் கேட்டானாம். நீ ஜன்னல் வழியா பார்த்தியாம், ரொம்ப நேரம் என் சுண்ணாம்புக் காலையே பார்த்தியாம், அப்புறம் குனிஞ்சு உன் காலைப் பார்த்தியாம். "நான் மாமன்"னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டியாம். நான் இத்தினி நாளா கருவாடு கோபம்னு நினைச்சுகினு இருந்தேன்.

திங்கக்கிழமை நானும் வரேன். நீ உள்ள போ. நான் ஏசுபாதம் பக்கத்துல நிக்கறேன், யாருன்னு கேட்டா மாமன்னு சொல்றேன். செருப்பைக் கழட்டாத, போட்டுகினே போ.