மாமாவின் கண்ணில் நான் விட்ட சொட்டு

என்னால் சும்மா இருக்க முடியாது. இதை ஒரு வியாதி என்றே ஒப்புக்கொள்கிறேன். கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் கை எதையாவது தேடும். என் கலியாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன் மூன்று தடவை எழுந்து போய்ப் பந்தல் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தவன் நான். (கயிறு சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்த பிறகுதான் ஒரு பக்கம் இளகியது.) இப்படிப்பட்ட ஒருவனைக் கண் நோயாளியின் கட்டிலுக்கு அருகே விடவே கூடாது. என் மாமனார் வீட்டார் இதை அறிந்துகொள்ள எட்டு மாதம் எடுத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. நானும் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு அன்புவழிபுரத்தில் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் லாஞ்ச் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணுக்குள் பிரஷர் ஏறி அவருடைய வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணிலும் அதே பிரஷர் இருந்தது. போதாததற்கு அதில் புரையும் வளர்ந்து, பகலிலேயே சுவரைத் தடவித்தான் சாப்பிடக் குசினிக்குப் போவார்.

பிரஷரை அடக்க ஒரு சொட்டு மருந்து. நாளுக்கு மூன்று தரம் விட வேண்டும். மாமா மணிக்கூட்டை நம்பமாட்டார். அவர் நம்பியது துறைமுகச் சங்கை மட்டும்தான். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் சங்கு, மதியச் சங்கு, பின்னேரம் வேலை விடும் சங்கு. சங்கு ஊதினால் மாமா எங்கே இருந்தாலும் தலை தானாகப் பின்னால் சாயும், கண் அகலத் திறக்கும். மாமி ஓடிவந்து சொட்டு விடுவார். நான் வந்த இரண்டாம் நாளே அந்த வேலையை மாமியிடமிருந்து பறித்துக்கொண்டேன். மதியச் சங்குக்கு, நான் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியிலிருந்து சைக்கிளில் பறந்து வருவேன். வீட்டில் ஒரு போத்தல், அவசரத்துக்கு என் சட்டைப் பையில் ஒரு போத்தல். எட்டு மாதத்தில் ஒரு சங்குகூடத் தவறவில்லை. அந்தப் பெருமையில் எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றிருந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை வெளியூரிலிருந்து கண் டொக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் மாமாவைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பிரஷருக்கு ஒருக்கா, புரைக்கு ஒருக்கா எண்டு வெட்டினா இந்தக் கண் தாங்காது. ஒரே தரத்தில ரெண்டையும் செய்வம். உள்ளுக்கை நிக்கிற தண்ணி வடிய ஒரு சின்ன வழி வைச்சு, அதோட புரையையும் எடுத்துவிடுறன்."

"பிழையாப் போனால்?" என்று மாமா கேட்டார்.

"பிழையாப் போனால் உங்களுக்கு வேறை கண் இல்லை, ஐயா."

மாமா, "ஓம், செய்யுங்கோ" என்றார். என் கால் ஆடிய ஆட்டத்தில் டொக்டருடைய மேசையிலிருந்து பேனை உருண்டு விழுந்தது.

அடுத்த மாதம், ஒப்பரேஷனுக்கு முதல் நாள், பின்னேரச் சங்குக்குச் சொட்டும் விட்டுவிட்டு, மாமாவை வார்ட்டில் சேர்த்தோம். துணைக்கு நான். வீட்டுக்குக் கிளம்பும்போது மாமி என்னிடம், "தம்பி, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். பக்கத்தில இருந்தால் போதும்" என்றார். உலகத்தில் எனக்குத் தெரியாத ஒரே வேலையை என்னிடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு பிளேன்டீ வாங்கப் போனேன். போன இடத்தில் துறைமுகத்துக்குள் ஒரு பெரிய கப்பல் நுழைகிறது என்றார்கள். அதைப் பார்க்காமல் வருவதா? பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. நான் இல்லாத அந்த நேரத்தில்தான் மிஸ்ஸி (எங்கள் ஊரில் தாதியை அப்படித்தான் சொல்வோம்) வந்து, கட்டிலடியில் இருந்த சொட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டு, இனி இந்த மருந்து வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அதை ஒரு மட்டையில் பெரிதாக எழுதித் தலைமாட்டிலும் கட்டியிருக்கிறார்.

மட்டையை நான் பார்த்தேன். வார்ட்டில் சரியான புழுக்கம். அவிழ்த்தெடுத்து, விடிய விடிய அதனால்தான் மாமாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

காலையில் சங்கு ஊதியது. மாமாவின் தலை பின்னால் சாய்ந்தது. கட்டிலடியில் போத்தலைக் காணவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் இப்படித்தான், கவனமில்லை என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து என் போத்தலை எடுத்தேன். இன்றைக்கு ஒப்பரேஷன் அல்லவா? வழக்கமாக ஒரு சொட்டு. அன்றைக்கு இரண்டு விட்டேன்.

"தம்பி, வேண்டாம் எண்டு சொன்னவையெல்லோ?" என்றார் மாமா, விட்ட பிறகு.

"ஆர் சொன்னது? நீங்கள் பேசாமல் கண்ணை மூடுங்கோ மாமா."

மாமா மூடிக்கொண்டார். துறைமுகத்தில் கப்டன்மார் சொன்னதைக் கேட்டுப் பழகிய மனிதர்.

பிறகு மிஸ்ஸி வந்து வேறு மருந்து விட்டார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தார். மறுபடி விட்டார், மறுபடி பார்த்தார், முகம் சுருங்கிப் போனது. கடைசியில் டொக்டரே டோர்ச்சுடன் வந்து குனிந்தார்.

"கண்மணி குண்டூசித் தலையளவு நிக்குது. ஆர் பழைய மருந்தை விட்டது?"

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் இப்படி எழுந்திருந்தால் நானே டொக்டராகியிருப்பேன்.

"நான்தான் டொக்டர். சங்கோட சரியா விட்டனான். ரெண்டு சொட்டு."

அந்த வார்ட்டில் அப்போது விழுந்த அமைதியை நான் பாராட்டு என்று நினைத்தேன். டொக்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "தம்பி, உங்கடை மருந்து கண்மணியைச் சுருக்கும். எனக்கு அது விரியோணும். விரிஞ்சால்தான் அந்த வழியால நான் புரையை எடுக்கலாம். பின்னேரம் நான் வெளிக்கிட வேணும். இருக்கிறது ஒரு கண். இதை வைச்சு விளையாட என்னால ஏலாது. வாற மாசம் பாப்பம்."

"அதுக்கிடையில பிரஷர் கூடினால்?" என்று கேட்டேன்.

"கூடக் கூடாது எண்டு நேந்துகொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மிஸ்ஸி என் கையில் இருந்த மட்டையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் அதை வாசித்தேன்.

வாடகைக் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். வாசல் படலையடியில் இறங்கியதும் மாமா தூணில் போய் மோதிக்கொண்டார். நெற்றியைத் தடவிவிட்டு, "ஒரு மாசம்தானே தம்பி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மாமி ஏசினார், அது வேறு. ஏசி முடித்து, மிஸ்ஸி திருப்பித் தந்த போத்தல், என் பையிலிருந்த போத்தல் எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். இனிச் சங்குக்குச் சொட்டு விடுவது அவர்தான். என் இருமல் மருந்தும் அதற்குள் போய்விட்டது.

அந்த மாதம் நான் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஈச்சிலம்பற்றுக்குப் போய் வந்திருக்கலாம். விறாந்தையில் நடப்பேன், வீட்டு வளவைச் சுற்றி நடப்பேன். காலையில் மாமா எழுந்ததும் ஒளிந்து நின்று பார்ப்பேன்: நேற்றுப்போலவே குசினிக்கு வழி கண்டுபிடிக்கிறாரா, இல்லை இன்னும் மோசமா? ஒருநாள் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடினார். அன்றைக்கு நான் கச்சேரிக்குப் போகவில்லை. மாமியிடம் போய், "என்னாலதான்" என்றேன். "அது தெரியும்" என்றார் மாமி.

அடுத்த மாதம் டொக்டர் வந்தார். கண் தப்பியிருந்தது. மிஸ்ஸி முதல் வேலையாக என் சட்டைப் பைகளைச் சோதித்தார். இந்தமுறை கண்மணி ஒழுங்காக விரிந்தது. வழியும் வைத்து, புரையும் எடுத்து, ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு மாமாவை வெளியே கொண்டுவந்தார்கள். கட்டுப் போட்ட கண், தலைக்கு இரண்டு பக்கமும் மண் மூட்டை. ஐந்து நாள் அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கவும் கூடாது.

யார் பக்கத்தில் இருப்பது என்று பேச்சு வந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து மாமா மெல்லச் சொன்னார்: "மருமகன் இருக்கட்டும்."

மாமி திகைத்துவிட்டார். "இவரோ?"

"ஓம். எனக்கு இவரிலைதான் நம்பிக்கை. இனி இவர் ஒரு துரும்பைத் தொடுறதெண்டாலும் பத்துப் பேரைக் கேப்பார்."

இருந்தேன். என் வாழ்நாளில் நான் சும்மா இருந்த ஐந்து நாள் அவைதான். இடைக்கிடை கட்டில் லேசாக நடுங்கும். உடனே மாமா, "தம்பி, கால்" என்பார். நான் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஐந்தாம் நாள் எனக்குத்தான் நோயாளியைப்போல இடுப்பு வலித்தது.

கண் ஆறிச் சில வாரத்தில் மாமாவுக்குச் சோடாப் போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி வந்தது. போட்டதும் மாமியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "மருமகன் எங்கை?" என்றார். நான் முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, அவர் என்னை ஒருநாளும் கண்டதில்லை. கலியாணம் நடக்கும்போதே அந்தக் கண்ணில் புரை மூடியிருந்தது. பத்து மாதமாக அவருக்கு நான் ஒரு குரல், ஒரு சொட்டு, இங்குமங்கும் ஓடுகிற ஒரு நிழல்.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"குரலைக் கேட்டால் உயரமான ஆள் எண்டு நினைச்சிருந்தனான்" என்றார்.

மாமி சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டது. சிரித்து முடித்து, "இப்ப விளங்குது, உங்கடை கண்ணில படாமல் இருக்கத்தான் இவர் அண்டைக்கு ரெண்டு சொட்டு விட்டவர்" என்றார். மாமாவும் சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிக்க அனுமதி கிடைத்துவிட்டது. என் கையை மட்டும் விடவில்லை.

அதற்குப் பிறகு மாமா பல வருடம் அந்த ஒரு கண்ணால் பத்திரிகை வாசித்தார், துறைமுகத்துக்கு நடந்து போனார், நான் கால் ஆட்டுவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தார். இப்போது அவர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மனைவி என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவரைப் பாக்கத்தான் எங்கடை அப்பா ஒரே கண்ணிலை ரெண்டு ஒப்பரேஷன் செய்தவர்."