மச்சானுக்கு: மாடிக்குத் தார் பூசியாகிவிட்டது

பேரன்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் நலம். அவ்விடம் தாங்களும் வீட்டாரும் நலமாக இருக்க விழைகிறேன். இதை எழுதும் இந்த நிமிடத்தில் வெளியே மூன்றாம் நாளாக மழை கொட்டுகிறது. கூடத்தில், என் தலைக்கு மேல், ஒரு சொட்டுகூட விழவில்லை. தயவுசெய்து அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

போன மழையில் ஏழு இடத்தில் ஒழுகி, அண்டா முதல் என் சவரக் கிண்ணம் வரை தரையில் வரிசை கட்டி நின்றதும், "அடுத்த மழைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்று தங்கள் தங்கை பெட்டியைத் தூசி தட்டியதும் தாங்கள் அறிந்ததே. முப்பது வருஷம் ரோடு போட்ட காண்ட்ராக்டர் ஆயிற்றே என்று போனில் தங்களிடம் யோசனை கேட்டால் என்ன சொன்னீர்கள்? "ஃபைல் தள்ளின கைக்கு இதெல்லாம் ஒத்துவராது மாப்பிள்ளை, பேசாம ஆளை வச்சுச் செய்யுங்க." சுருக்குனு தைச்சுது மச்சான். உங்க தங்கச்சியையும் போகவிடமாட்டேன், ஆளையும் வைக்கமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஒரு டிரம் தாரை வாங்கி, கொல்லையில மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். டிரம்முக்குள்ள மழைத்தண்ணி இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? சூடு ஏறினதும் பால் மாதிரி பொங்கி, வழிஞ்சு, ஓடி, பக்கத்து வீட்டுத் தையல்காரர் வேலியோரம் சாத்தியிருந்த சைக்கிளைக் கவ்விக்கிச்சு. "ரோட்டு மேல சைக்கிள் போய்ப் பாத்திருக்கேன், சைக்கிள் மேல ரோடு போய் இப்பத்தான்யா பாக்கறேன்"னு மனுஷன் தலையில கையை வச்சுக்கிட்டார். நான் அசரலை. மிச்சத்தை வாளி வாளியா மாடிக்கு ஏத்தி, தேஞ்ச துடைப்பத்தால பூசினேன். மேலே மணல் தூவணும்னு யாரும் சொல்லித் தரலை, அதனால வலது செருப்பு ஒட்டிக்கிச்சு, அதைப் பிடுங்கப்போய் இடதும் ஒட்டிக்கிச்சு, ரெண்டும் இன்னும் மாடியிலதான் குடியிருக்கு. உள்ளங்காலைச் சுத்தம் பண்ண ஒரு கிண்ணம் எண்ணெய் போச்சு. போகட்டும்! விரிசல், மூலை, முடுக்கு, கண்ணில பட்ட ஒரு ஓட்டையைக்கூட நான் விட்டு வைக்கலை.

அதோட நிறுத்தினேனா? இந்த மாதிரிக் கெட்டி எண்ணெயிலதான் கப்பலே ஓடுதுன்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். ரெண்டு கட்டித் தாரை வெந்நீர் அடுப்பிலயும் போட்டுப் பாத்தேன். அடேயப்பா, என்னமா எரிஞ்சுது! அஞ்சு நிமிஷத்துல தண்ணி தளதளன்னு கொதிச்சுது. கிளம்பின புகையில தையல்காரர் கொடியில காயப்போட்டிருந்த எட்டு வெள்ளைச் சட்டையும் கறுத்துப்போச்சு. இனிமே அழுக்குத் தெரியாதேன்னு நான் சமாதானம் சொன்னேன். அவர் அன்னையிலேர்ந்து என்கூடப் பேசறதில்லை.

பேசாட்டிப் போகட்டும் மச்சான். பெட்டி திரும்பவும் பரண் ஏறியாச்சு. நேத்து சாயங்காலம் உங்க தங்கச்சி கூரையை அண்ணாந்து பாத்துட்டு, "பரவாயில்லையே, சாதிச்சிட்டீங்களே"ன்னா. முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும். தங்களுக்கு மட்டும், நகக்கண்ணில் இன்னும் கறுப்புப் போகாத கையால் ஒரு பெரிய கும்பிடு.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும் தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறேன். இவர் சொன்னதெல்லாம் வாஸ்தவம், ஒரு சொட்டு ஒழுகலை. மூணு நாள் மழையும் அப்ப எங்கேதான் போச்சுன்னு இப்ப மேலே போய்ப் பாத்தேன். தண்ணி வெளியே போற குழாய் வாயையும் சேத்துப் பூசி அடைச்சிருக்கார். மாடியில முழங்கால் ஆழம் நிக்குது, கூடத்துக் கூரை கடகடங்குது. மனுஷன் கம்பியை எடுத்துக்கிட்டு மேலே ஏறியிருக்கார். நான் தனியா வரலை அண்ணா, அவரையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே கிளம்பறேன். மிச்சத் தாரை ஒரு டப்பாவில அடைச்சு வச்சிருக்கார், உன் வீட்டு மாடிக்காம். நாங்க வர்றதுக்குள்ள மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஒளிச்சு வை.