போத்தலில் வந்த மலைக்காற்று

இருநூற்றுப் பதினாறு மணித்தியாலமாக இராசேஸ்வரியின் மகள் காற்றை மட்டுமே உண்டிருந்தாள். உடையார்கட்டு ஊரே அப்படித்தான் சொன்னது. மூன்று வயதுப் பிள்ளை. இருபத்திரண்டு இறாத்தலாக இருந்தவள் இப்போது இருபத்துமூன்றரை.

எவரெஸ்ட் உச்சியில் மனிதர் ஏறிவிட்டதாகப் பத்திரிகையில் வந்த ஆண்டு அது. ஊருக்கு வந்திருந்த சாமி அதற்கு முன்பே கைலாசத்தில் ஏறிவிட்டாராம். பார்க்க ஆள் இல்லாததால் பத்திரிகையில் வரவில்லை. உயரத்துக் காற்றில் சத்து அதிகம் என்றும், பன்னிரண்டு ஆண்டுகள் அதையே உண்டு கொழுத்ததாகவும் சொன்னார். அந்தக் காற்றைச் சோடாப் போத்தல்களில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். நாளுக்கு மூன்று முறை முகர வேண்டும். வேறு உணவு கொடுத்தால் பிள்ளை செத்துப்போகும். போத்தலுக்கு ஒரு கோழி. காற்றை மட்டும் உண்பவருக்கு அவ்வளவு கோழி எதற்கென்று கேட்பது மரியாதையாக இருக்காது.

உயர்ந்த மலையில் பசி மந்தப்படும். மூச்சோடு உடலின் நீர் போகும். ஏறியவர்கள் மெலிந்தே இறங்குவார்கள். சாமியின் வயிற்றுக்கு இது தெரியாது.

முள்ளிவாய்க்காலிலிருந்து கருவாடு விற்க வந்த யூலிற்றாவுக்கு மலை தெரியாது. காற்று தெரியும்.

"காத்தில போட்ட மீன் நிறை குறையும், சாமி. நீங்கள் எப்பிடிக் கூடினனீங்கள்? இண்டைக்கு என்ர கண்ணுக்கு முன்னால போத்தலோட இருங்கோ. நாளைக்கு நிறுப்பம்."

"சாமியைக் கருவாடு எண்டு நினைச்சியோ?" என்று பாய்ந்தான் தவராசா. இராசேஸ்வரியின் கணவன், போத்தல் பெட்டிக்குக் காவல்.

கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்திருந்தது. சாமி இருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை நெல் நிறுக்கும் தராசில் மூன்று இறாத்தல் குறைந்திருந்தார்.

"திருக்கை மீன் கூட இவ்வளவு கெதியாய்க் காயாது," என்றாள் யூலிற்றா.

சாமி கண்களை மூடினார். "குறையத்தானே வேணும்? என்ர நிறையை அந்தப் பிள்ளைக்கெல்லோ குடுத்திட்டன்."

கூட்டம் காலில் விழுந்தது. அதற்கு யூலிற்றாவிடம் தராசு இல்லை.

போத்தல் வாங்கும் வரிசையின் முன்னால் மார்கிறட் நின்றாள். இடுப்பில் எலும்பும் தோலுமாக இரண்டு வயது மகன். கோழியைத் தவராசாவிடம் கொடுத்தாள். பிள்ளையின் வாயிலிருந்த கஞ்சிச் சிரட்டையைப் பிடுங்கி மண்ணில் ஊற்றினாள். அவன் வீறிட்டான்.

"அழட்டும். இராசேஸ்வரியின்ர பிள்ளையும் முதல் நாள் அழுததாம்."

இராசேஸ்வரி கணவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த முகத்துக்குப் பயந்துதான் வாயை மூடியிருந்தாள்.

"பத்து நாளாய் ஊரே வந்து என்ர பிள்ளையைத் தூக்கித் தூக்கி நிறுத்துப் பாத்தியள். பெத்தவளிட்டை ஒரு வார்த்தை கேக்க ஒருத்தருக்கும் தோன்றேல்லை. பிள்ளைக்குக் கஞ்சியைக் குடு, மார்கிறட். குசினிக் கதவைச் சாத்திப்போட்டு மூண்டு நேரமும் அவளின்ர வாயில நான் சோறு தீத்தினனான்."