ஜூம் இல்லாத லென்ஸும் ஜெயித்த மனைவியும்

இந்த வருஷம் என் மனைவியை ஒரு படமாவது உருப்படியாக எடுத்துவிடுவது என்று சபதம் செய்தேன். பதினோரு வருஷமாக நான் எடுத்த படங்களில் அவள் கண்ணை மூடியிருக்கிறாள், அல்லது தலை வெட்டுப்பட்டிருக்கிறாள். ஒன்றில் அவளே இல்லை. கதவு மட்டும் இருக்கிறது. பாம்புகூட என்னைவிட நன்றாகப் படம் எடுக்கும் என்பது அவள் கருத்து.

அதற்குத்தான், காலை டீ குடிக்கும்போது ஒரு விளம்பரத்தில் கண்ணில் பட்ட அந்த 135 மில்லிமீட்டர் லென்ஸ். மங்கலான அரங்கத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் ஓடுகிற ஆளை அப்படியே நிறுத்திவிடுமாம். அனுமதி கேட்க அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

"ஒரு லென்ஸ்..."

"வாங்கிக்கோங்க."

நான் ஒரு சட்டை வாங்கவே மூன்று விசாரணை வைக்கிறவள்!

பெட்டி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி.

"இதுல ஜூம் எங்கே?"

"கிடையாது. கிட்ட வேணும்னா நாமதான் நடக்கணும்."

"நல்லதாப் போச்சு, தொந்தி குறையும். இதென்ன, பெட்டி மேல இருக்கிற படத்துல ஒரு கண்ணு தெளிவா இருக்கு, இன்னொண்ணு மங்கலா இருக்கு?"

"லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துளையை முழுசாத் திறந்தா அப்படித்தான். எதைக் குறி வைக்கிறோமோ அது மட்டும்தான் தெரியும். மத்ததெல்லாம் கரைஞ்சிடும்."

"நீங்க பேப்பர் படிக்கிறப்ப வீடு தெரியுற மாதிரின்னு சொல்லுங்க. சரி, வேகமா வீசுற கையைப் பிடிக்குமா?"

"சுத்துற ஃபேனோட இறக்கையையே எண்ணலாம்!"

"அப்படியா!" என்றாள். கண் மின்னியது. கலைஞனின் மனைவிக்கு ஒருவழியாகக் கலை புரிந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அவள் தபால் ஆபீஸ் அணிக்காக ஷட்டில் ஆடுகிறவள். இரண்டு வருஷமாக ஓர் இடதுகை டீச்சரிடம் இறுதி ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தாள். இந்த முறை சனிக்கிழமை லீக் சுற்றிலேயே அந்த டீச்சர்; அதில் ஓர் ஆட்டம் தோற்றாலும் இறுதிக்குப் போகலாம். லென்ஸோடு போய் நின்றேன்.

"அந்த மூலைக்குப் போங்க."

"அங்கேர்ந்து உன் முதுகுதானே தெரியும்? டீச்சர் முகம்தான் விழும்."

"எடுத்த எடுப்புல என் முகமா? முதல்ல அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுப் பழகுங்க. அது பிடிபட்டா என் முகம் எம்மாத்திரம்?"

"பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவீங்களே?"

"நீங்களும் மாறுங்க. ஜூம்தான் இல்லையே, நடங்க."

நியாயமாகத்தான் பட்டது. நடந்தேன். நானூறு படம் எடுத்தேன். அத்தனையும் மணிக்கட்டு. அவள் தோற்றாள். ஆனால் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பழைய கவர் ஒன்றின் பின்பக்கம் எதையோ குறித்தாள். எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்தாள்.

"இதைப் பெருசாக்குங்க. இதுக்கு முந்தினதைக் காட்டுங்க. அற்புதம்!"

பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டதில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு.

மறுநாள் இறுதி ஆட்டம். மறுபடி அதே டீச்சர். ஆனால் இவள் வேறு ஆள். டீச்சர் பந்தை மெதுவாகத் தட்ட நினைக்கும்போதே இவள் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறாள்! எப்படித் தெரிகிறது இவளுக்கு? கடைசிப் பந்து விழுந்தது. ராக்கெட்டைத் தூக்கிச் சிரித்தாள். அந்த நொடியில் அமுக்கினேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இமைமுடியை எண்ணலாம்.

ஓடிப்போய்க் காட்டினேன். வியர்வையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் இப்படியா இருக்கேன்?" என்றாள் மெதுவாக.

அப்போது அவளுடைய கோச் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், கோப்பை உங்களுதுதான். மெதுவாத் தட்டுறதுக்கு முன்னாடி டீச்சரோட கட்டைவிரல் மேல ஏறுது. உங்க படத்துலதான் கண்டுபிடிச்சோம். இதுக்குன்னே மூணு மாசம் தேடி இந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தோம்!"

"தேர்ந்தெடுத்தோமா? யாரு?"

மனைவி திடீரென்று தண்ணீர் குடிப்பதில் மும்முரமானாள்.

"நானும் உங்க வீட்டம்மாவும்தான். விளம்பரத்தை உங்க டீக்குப் பக்கத்துல விரிச்சு வச்சது அவங்க யோசனை. கேமராவை நிறுத்த முக்காலியும் ஒண்ணு வாங்கிடலாம்னு சொன்னேன் சார். 'எதுக்கு? வீட்ல ஒண்ணு இருக்கு. ரெண்டு காலுதான், ஆனா சொன்ன இடத்துல நிக்கும்'னுட்டாங்க."