ஒரு ஹார்ன் ஆமா, ரெண்டு ஹார்ன் வேண்டாம்

மாமனார் போய் மூன்று மாதமாகிவிட்டது. அவருடைய பழைய டீசல் கார் மட்டும் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

உயிரோடு இருந்தபோதே மனுஷன் வாயைத் திறக்கமாட்டார். காருக்குள் உட்கார்ந்தபடி ஒரு ஹார்ன் அடித்தால் ஆமா, இரண்டு அடித்தால் வேண்டாம். அவ்வளவுதான் பேச்சு.

காரைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட மருமகன் துடித்தான். ஹீட்டர் பிளக் போனால் கிடைக்காது, ஆல்டர்னேட்டர் போனால் கிடைக்காது. தேடியே அவனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. மனைவியோ பானெட்டின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"அப்பா, உங்க காரை வெட்டிப் போடச் சொல்றார். குடுத்துடலாமா?"

பாம்... பாம்.

உள்ளே யாருமில்லை. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. 

"ஷார்ட் சர்க்யூட்டுடி."

"ஷார்ட் சர்க்யூட்டுக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியுமா?"

ரிலேயை மாற்றினான். இரண்டு. ஹார்ன் ஸ்விட்சை மாற்றினான். இரண்டு, அதுவும் கோபமாக.

மறுநாள் காலையில் இரும்புக் கடை லாரி வருகிறது. வேறு வழி? பார்ட்ஸ் கடைக்காரரிடம் ரகசியமாக ஒரு ரிமோட் ஹார்ன் வாங்கி மாட்டினான். செத்தவர் வேண்டாமென்றால் என்ன, ஆமா சொல்ல நாமில்லையா?

லாரி வந்தது. மனைவி கைகூப்பிக் கேட்டாள். அவன் பைக்குள் ஒருமுறை அமுக்கினான்.

பாம்.

அப்பாடா! மூச்சு விடுவதற்குள் இன்னொரு பாம்.

சத்தியமாக அவன் அமுக்கவில்லை. திரும்பி நின்று ரிமோட்டின் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தான்.

"அப்பா, முடிவாச் சொல்லுங்க."

பாம்... பாம்.

"சார், நான் புள்ளகுட்டிக்காரன்!" லாரிக்காரர் ஏறி ஓட்டம் பிடித்தார்.

அவன் பானெட்டைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

"மாமா, மன்னிச்சிடுங்க! இந்த ஜென்மத்துல விக்கமாட்டேன். எந்தப் பார்ட்டு போனாலும் நானே தேடி வாங்கிப் போடறேன்!"

பாம். ஒன்றே ஒன்று.

மத்தியானம் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனான். நடந்ததையெல்லாம் சொன்னான். பார்ட்ஸ் கடைக்காரர் ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ஒரு கோளாறும் இல்ல சார். போன வாரம் மேடத்துக்கு மாட்டிக் குடுத்ததும் இதே நம்பர் ரிமோட்தான். உங்க வீட்ல யார் அமுக்கினாலும் அடிக்கும்."